ஸ்டெல்லா டீச்சரின் கார், என் கார்

சனிக்கிழமை காலை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் கணேசன் சார் ஒரு வரி போட்டிருந்தார். "நம்ம ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க." அதன் கீழே யாரோ கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குக் கீழே இன்னொன்று. படங்கள் ஏறிக்கொண்டே போயின. நான் எதுவும் போடவில்லை. வாயில் நுரையோடு நின்றிருந்தேன்.

முந்தின நாள் மதியம் அவரைப் பார்த்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போயிருந்தோம். தலை வலிக்கிறது என்று பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து கூட்டிப் போனார். பைக்கில் ஏறும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் வண்டி பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும். திங்கக்கிழம எடுத்துக்கிறேன். ஒங்க வண்டிய அதுக்குப் பக்கத்துல விட்டுப்புடாதீங்க. கணக்குப் பேப்பர் குடுத்திருக்கேன். எம்மேல இருக்கிற கோவத்துல பிள்ளைக ஒங்க வண்டியக் கீறி வச்சுரும்."

அதுதான் கடைசிப் பேச்சு. விடிவதற்குள் மூளையில் ரத்தக்கசிவு. ஐம்பதைத் தொடவில்லை.

ஆசிரியர் மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவர் கணக்கு நடத்திய விதத்தை அவரிடம் படித்தவர்கள் எழுதுவார்கள். அது நியாயம். எனக்குத் தெரிந்தது கார். அவருடையதும் என்னுடையதும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. அந்தக் காரை வைத்து அவர்மீது எனக்குப் பொறாமை இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையில் நானும் இருக்க மாட்டேன், அவரும் இருக்க மாட்டார்.

நாங்கள் நாலு பேர். புதுக்கோட்டையில் வீடு, விராலிமலைப் பக்கம் பள்ளிக்கூடம். கணேசன் சார் வரலாறு. வள்ளி டீச்சர் தமிழ். ஸ்டெல்லா டீச்சர் கணக்கு. நான் ஆங்கிலம். நால்வரில் முதலில் கார் வாங்கியவன் நான். மூவரும் என்னோடு வந்தார்கள். டீச்சர் முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில்.

ஒரு நாள் அன்னவாசலில் பெட்ரோல் போட நின்றோம். வழக்கம்போல் தப்பான பக்கம் நிறுத்தினேன். பங்க் ஆள் கையைச் சுழற்றிக் காட்டினார். சுற்றி வந்தேன். டீச்சர் என் பக்கம் சாய்ந்து, பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பெட்ரோல் படத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டி முக்கோணம் இருக்கே. அது எதுக்கு?"

"தெரியல டீச்சர். டிசைனா இருக்கும்."

"கம்பெனிக்காரன் சும்மா ஒண்ண வைக்க மாட்டான். அது இடது பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. ஒங்க டேங்க் மூடி எங்கிட்டு இருக்கு?"

இடது பக்கம்.

பின்சீட்டில் கணேசன் சார் சிரிக்க ஆரம்பித்து, இலுப்பூர் வரை நிறுத்தவில்லை. "வண்டி தெனமும் கையக் காட்டிச் சொல்லிக்கிட்டே வந்திருக்கு. நம்ம சாருதான் கண்டுக்கல."

நானும் சிரித்தேன். ஆனால் அது என் கார். ஒரு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த முள். அதன் பக்கத்தில் இருந்ததைப் பக்கத்து சீட்டில் இருந்தவர் பார்த்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு நெஞ்சில் ஏதோ மிச்சம் இருந்தது. அன்றைக்கு அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அடுத்த வருடம் அவரும் ஓட்டப் பழகி, கார் வாங்கினார். எந்தக் கார் என்று கேட்டபோது, "தம்பி வண்டிதான். அதுலதான் இன்னும் பாக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றார். என் காரில் பார்க்க முடியாததைத் தன் காரில் பார்ப்பதற்காக என் காரையே வாங்கினார். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஷோரூமுக்கு நாலு பேரும் போனோம். ஃபாதர் வந்து ஜெபம் செய்து தண்ணீர் தெளித்தார். ஃபாதர் அந்தப் பக்கம் போனதும் கணேசன் சார் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே வைத்தார்.

"என்ன சார் இது?" என்றார் அந்தோணி அண்ணன்.

"இருக்கட்டும்யா. ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்."

டீச்சர் குள்ளம். மிகவும். ஓட்டப் பழகின இடத்தில், அங்கிருந்த பழைய காரில், ஸ்டியரிங்குக்கு மேலே அவருக்கு ரோடு தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் தலையணை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பச்சைத் துணித் தலையணை. ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்தது, பின்னால் கட்ட நாடா. அதை ஷோரூமுக்கும் கொண்டுவந்திருந்தார். ஷோரூம் ஆள் உள்ளே குனிந்து பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வந்தார். அவர் டிரைவர் சீட்டுக்கு வந்து சேருவதற்குள் டீச்சர் தலையணையைக் கட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குங்க மேடம், அதையும் முடிச்சுடுறேன்."

"ஏறிட்டேன்ல. விடுங்க."

அதன்மேல் உட்கார்ந்தும் அவருக்கு பானெட்டின் நுனி தெரியாது. "மூக்கு தெரியல, மூக்கு தெரியல" என்பார். பள்ளிக்கூடத்தில் புங்கமரத்தடியில் நிறுத்தும்போது தினமும் கணேசன் சார் முன்னால் இறங்கி நின்று கையைக் காட்டுவார். "வாங்க... வாங்க... போதும் டீச்சர். இதுக்கு மேல வந்தா ஹெட்மாஸ்டர் ரூம்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் அவர் கார் என்று ஏற்பாடு.

முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிற்கும் காருக்குள் ஏறுவது என்பது ஏறுவதில்லை, இறங்குவது. ஒரு கொதிக்கும் பாத்திரத்துக்குள். அன்று மணி அடித்ததும் டீச்சர் வராண்டாவிலேயே நின்று சாவியைக் காரை நோக்கி நீட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தார். நாலு கண்ணாடியும் ஒன்றாக இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் சூடு வெளியே போயிருந்தது.

"இது எப்பிடி டீச்சர்?" வள்ளி டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"தெரியாம அழுத்திப் பிடிச்சுட்டேன். எறங்குச்சு."

தெரியாமல் அழுத்திப் பிடிப்பது. அதுதான் அவர் வித்தை. நான் எந்தப் பொத்தானையும் தேவைக்கு மேல் ஒரு நொடி அழுத்தியதில்லை. அடுத்த வாரம் என் சாவியை அழுத்திப் பிடித்தேன். என் கண்ணாடிகளும் இறங்கின. யாரும் கைதட்டவில்லை. இரண்டாவதாக இறங்கும் கண்ணாடிக்கு யார் கைதட்டுவார்கள்?

பிறகு முன்சீட்டுக்கு அடியில் ஒரு தட்டு. உட்காரும் மெத்தையை முன்பக்கமாகத் தூக்கினால் கீழே ஒரு ஆழமான பெட்டி மாதிரி. டீச்சர் அதில் முறுக்குப் பொட்டலம், குடை, வள்ளி டீச்சரின் இன்னொரு ஜோடிச் செருப்பு எல்லாம் வைத்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து என் காரின் முன்சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. அதே தட்டு. காலியாக. இரண்டு வருடங்களாக ஒரு வெற்றிடத்தை ஏற்றிக்கொண்டு விராலிமலைக்கும் புதுக்கோட்டைக்கும் ஓட்டியிருக்கிறேன். அவர் காரில் அது முறுக்கு. என் காரில் அது காற்று.

பலாப்பழக் காலத்தில் ஒரு நாள். கணேசன் சாரின் மைத்துனர் ஆலங்குடியிலிருந்து ஒரு பெரிய பழம் அனுப்பியிருந்தார். பின்சீட்டில் நாங்கள் மூவர். பழத்தை முன்சீட்டில் வைத்தோம். வண்டி கிளம்பியதும் கீங், கீங் என்று கத்த ஆரம்பித்தது. நான், ஏதோ கோளாறு, நிறுத்துங்கள் என்றேன். டீச்சர் ஓரங்கட்டி, முன்னால் மின்னிய சிவப்பு விளக்கைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு சீட் பெல்ட்டை இழுத்துப் பழத்துக்குக் குறுக்காகப் போட்டு மாட்டினார். சத்தம் நின்றது.

"ஆளுன்னு நெனச்சுக்கிச்சு. கனம் இருந்தாக் கேக்குது."

"எங்க மாமனாரு மாதிரியே உக்காந்திருக்காரு பாருங்க," என்றார் கணேசன் சார். அன்னவாசல் வரைக்கும் வள்ளி டீச்சர் அந்தப் பழத்திடம், "வசதியா இருக்கா மாமா, ஏசி பத்துதா மாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். என் காரில் இப்படி ஒரு நாள் நடந்ததில்லை என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வள்ளி டீச்சர் போன் செய்வார். "நாளைக்கு யாரு வண்டி சார்?"

"என்னுது."

"ஓ."

அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தை நான் பல வாரம் சுமந்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றே ஒன்று. அவருக்குத் தெரியாத ஒன்று, என் காரில், என் கையால். வீடியோக்கள் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை தயாராகப் போனேன். என் வாரம். இலுப்பூர் தாண்டியதும், சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

"டீச்சர், நடுக்கண்ணாடிக்குக் கீழ ஒரு சின்ன நாக்கு இருக்கு, பாத்தீங்களா? அதத் தள்ளினா ராத்திரி பின்னால வர்ற லைட்டு கண்ணுல அடிக்காது."

"ஆமா தம்பி. நேத்துதான் பாத்தேன்."

பின்னாலிருந்து வள்ளி டீச்சர், "போன தீவாளிக்கே சொன்னீங்களே டீச்சர்!" என்றார்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்றுதான் என்றது எனக்காக. என்னை மிகவும் எரித்தது அதுதான். அவர் கண்டுபிடித்தவை கூட இல்லை. எனக்கு ஒன்று விட்டுக்கொடுக்கப் பார்த்தார், பாருங்கள். அது.

அவரிடம் போட்டி இல்லை. இதையும் எழுத வேண்டும். அவர் என்னை ஒருபோதும் போட்டியாக நினைக்கவில்லை. காரில் ஏறியதும் அவர் கை தானாக ஒரு மடிப்பைத் தடவும், ஒரு மூடியைத் திறக்கும். பிள்ளைகளின் விடைத்தாளில் அடித்த கணக்குக்குக் கீழேயும் அப்படித்தான் பார்ப்பார். "அடிச்சதுலதான் சரியாப் போட்டிருக்கும் கழுத" என்பார். போட்டி எல்லாம் என் பக்கம். ஒரு ஆள் மட்டும் ஓடும் பந்தயத்திலும் இரண்டாவதாக வர முடியும். நான் வந்தேன்.

அடக்கம் குளத்தூர்ப் பக்கம் அவருடைய சொந்த ஊரில். கணேசன் சாரும் வள்ளி டீச்சரும் என் காரில் வந்தார்கள். முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வள்ளி டீச்சர் பின்னாலிருந்து எட்டி, முன்சீட்டு மெத்தையைத் தூக்கினார்.

"இதுலயும் இருக்கா சார் இந்தத் தட்டு?"

"ஒரே வண்டிதான் டீச்சர் ரெண்டும்."

"தெரியும் சார்." மெத்தையை மெதுவாக மூடினார். "ஆனா அவங்க வண்டி மாதிரி இல்லையே."

கணேசன் சார் சிரிக்க வைக்காத பயணம் எனக்கு அதுதான் முதல்.

கல்லறைத் தோட்டத்தில் அந்தோணி அண்ணன் என் கையில் சாவியைக் கொடுத்திருந்தார். "தம்பி, வண்டி அங்கயே நிக்கிது. எனக்குப் போயி எடுக்கத் தெம்பு இல்ல. ஒங்களுக்குத்தான் அந்த வண்டி பழக்கம். கொண்டாந்து விட்டுருங்க."

திங்கட்கிழமை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வராண்டாவில் நின்றோம். புங்கம்பூ கார் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. கீறல் எதுவும் இல்லை. பானெட்டின் மேல் பிள்ளைகள் யாரோ ஒரு செம்பருத்தியை வைத்திருந்தார்கள்.

"வாங்க, போவோம்," என்றேன்.

"நான் பஸ்ஸுல வாரேன் சார்," என்றார் வள்ளி டீச்சர். "அதுல இப்ப ஏற முடியாது."

கணேசன் சார் மட்டும் என்னோடு இறங்கி வந்தார். காருக்கு முன்னால் போய் நின்றார். பழக்கம். பிறகுதான், வண்டி வெளியே போகப்போகிறது, நிறுத்த வரவில்லை என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

சாவியை அழுத்திப் பிடித்தேன். நாலு கண்ணாடியும் இறங்கின. விளிம்பில் இருந்த பூ உள்ளே சரிந்தது.

நான் உயரம். தலையணை மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். நாடாவை அவிழ்த்து, தலையணையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தேன். உட்கார்ந்து, என் காரில் முதல் நாள் செய்ததையே செய்தேன். யோசித்துச் செய்யவில்லை. வலது கையைச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு, சீட்டைத் தாழ்த்துவதற்கான நெம்புகோலைத் தேடினேன்.

கையில் வழவழவென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன்.

நெம்புகோலின் மேல் பிளாஸ்டிக் உறை. ஷோரூமில் உரிக்காமல் விட்டது. மடிப்புக் கலையாமல், விரல் பட்ட அழுக்கு இல்லாமல். சீட் இருப்பதிலேயே அடிமட்டத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த மட்டத்தில்.



அவருக்குத் தெரியாது.

வண்டியில் மறைந்திருந்த எல்லாவற்றையும் கண்டுபிடித்தவருக்கு, அந்த வண்டியில் யாரையும்விட அவருக்கே தேவைப்பட்ட ஒன்று தெரியாது. சீட் உயரும். உரித்து, மேலே இழுத்தால், உயரும். தலையணையின் சுருக்கு ஓரம் அதன்மேல் தொங்கி மறைத்திருக்கிறது. அந்த சீட்டை வெறும் சீட்டாக அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. என் காரில் அவர் டிரைவர் பக்கம் உட்கார்ந்ததில்லை. எனக்கோ அது தெரிந்த விஷயம் என்பதே தெரியாது. முதல் நாள், ஷோரூம் ஆள் உயர்த்தி ஓட்டி வந்திருந்த சீட்டில் தலை இடித்தது, தாழ்த்தினேன், மறந்தேன். சாதாரண மூடி, சாதாரண கைப்பிடி மாதிரி. அதை ஒரு கண்டுபிடிப்பாக எண்ணவே இல்லை.

சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை. ஒரு முழு நிமிடம், அவர் காரில், அவர் சீட்டில், ஜெயித்தவனாக உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்வதற்கு ஆள் தேடி நிமிர்ந்தேன். பக்கத்தில் பச்சைத் தலையணை இருந்தது.

வண்டியை எடுத்தேன். கீங் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தலையணைக்குக் கனம் இல்லை.

இலுப்பூர். அன்னவாசல். சித்தன்னவாசல் திரும்பும் இடம். அதைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் குறைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. இறங்குவதற்கு முன் உறையை உரித்தேன். டர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நெம்புகோலை இழுத்தேன். இழுக்க இழுக்க சீட் ஏறியது. கழுத்தை மடக்கி, கூரையில் தலை அழுந்த, உச்சி மட்டத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்தேன். பானெட்டின் நுனி தெரிந்தது. இந்தப் பக்கம் அந்தச் செம்பருத்தி, வாடி, காற்றுக்கு விழாமல் வைப்பர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அந்தோணி அண்ணன் வெளியே வந்து கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, சீட்டு இம்புட்டு ஒசரமா இருக்கு?"

நான் சொல்லியிருக்கலாம். அவர் கண்கள் வீங்கியிருந்தன. வீட்டுக்குள் டீச்சரின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது.

"டீச்சர் வச்சிருந்தபடிதாண்ணே இருக்கு."

"அதானே." சீட்டின் மேல் கையை வைத்து, ஒரு குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினார். மூன்று நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "இந்த வண்டியில அவளுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா?"

"இல்லண்ணே."

தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நடந்து வீட்டுக்குப் போனேன்.

அங்கேயே விட்டிருக்க வேண்டும். ஒரு நல்ல மனிதன் விட்டிருப்பான். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் அந்த உறை நொறுநொறுத்தது. மலருக்கு எழுதச் சொன்னபோது நான் உடனே ஒத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அந்தோணி அண்ணன் இதைப் படிப்பார். அண்ணன் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். முக்கோணம் டீச்சருடையது. கண்ணாடிகள், தட்டு, பலாப்பழத்துக்குப் போட்ட பெல்ட், நடுக்கண்ணாடியின் நாக்கு, எல்லாம் டீச்சருடையவை. எனக்கு ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

சீட்டுக்கு வலப்பக்கம், டீச்சர். கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில். தலையணையின் சுருக்கைத் தூக்கிப் பாருங்கள், ஒரு கம்பு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கை நான் உரித்துவிட்டேன். மேலே இழுங்கள். ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஆம், அப்படித்தான்.

மூக்கு தெரிகிறதா? கணேசன் சார் இறங்க வேண்டாம். பார்த்துப் போங்கள்.